ஆறு வாட், பதினைந்து வாட்

சனோபர் முதல் தடவை கடைக்கு வந்தது மே மாசக் கடைசியில். தென்காசியில் மசூது நடத்தும் கம்ப்யூட்டர் கடை அது. விற்பனையை மசூது பார்த்துக்கொள்வார். பழுது பார்ப்பது, புதுசு மாட்டிக் கொடுப்பது எல்லாம் வேல்விழியின் வேலை. அச்சன்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஏழு வருஷத்தில் அவள் திறந்து மூடாத மாடல் தென்காசியில் ஓடவில்லை என்று மசூதே வருகிறவர்களிடம் சொல்லுவார்.

சனோபர் குத்துக்கல்வலசைக்காரி. முப்பது வயசு இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற நீலக்கோட்டோடு, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். லாரி ஓட்டுத கேம் இருக்குல்லா, அது ஓடணும். ஆனா கரண்டு ரொம்ப இழுக்கக் கூடாது."

"கேமும் ஓடணும், கரண்டும் இழுக்கக் கூடாதுன்னா கொஞ்சம் கஷ்டம்லாக்கா," என்று வேல்விழி சிரித்தாள்.

சனோபர் சிரிக்கவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவன் ரிஃபாத் சவுதியில் தம்மாமில் ட்ரைலர் ஓட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் லோடு இறக்கும்போது கட்டு அறுந்து இரும்புக் குழாய்கள் இடுப்பில் விழுந்தன. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. காற்று மெத்தையில்தான் படுக்கை. அந்த மெத்தைக்குள் காற்றை மாற்றி மாற்றி அடிக்க ஒரு சின்ன பம்பு சதா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் உடம்பு அழுந்தினால் புண் வந்துவிடும். ஒரு தடவை வந்து, திருநெல்வேலியில் இரண்டு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

"சீசன் காத்துல எங்க ஏரியால மரம் விழுந்து கரண்டு போயிரும். இன்வெர்ட்டர் பழசு. அந்த பேட்டரி மெத்தைக்கு வேணும். கம்ப்யூட்டர் அதைக் குடிச்சிரப்பிடாது."

வேல்விழி அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்தாள். இரண்டுமே முழுக் கம்ப்யூட்டர்தான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளே இருக்கிற பிராசஸர்தான் வேறே.

"இதுல இருக்கது ஆறு வாட் சிப்பு. புதுசா வந்தது. இன்னொன்னு ரெண்டு மூணு வருஷம் பழைய டிசைன், பதினஞ்சு வாட். கேம்னா அதுதான் நல்லா ஓடும். படம் வரையுத பகுதி அதுல பெருசு."

"ஆறுன்னா, ஒரு சின்ன எல்இடி பல்பு அளவா?"

"ஆமாக்கா. அவ்வளவுதான்."

"அப்போ அதுல கேம் ஓடாதா?"

"ஓடும். கொஞ்சம் மெதுவா ஓடும்."

யூடியூபில் யாரோ அந்த சிப்பில் அந்த கேமை ஓட்டிக் காட்டியதை வேல்விழி பார்த்திருந்தாள். தானே ஓட்டிப் பார்த்ததில்லை. பெட்டியின் மேல் போட்டிருந்த ஆறைத்தான் சனோபருக்குச் சொன்னாள். சனோபர் ஆறு வாட் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வேல்விழி அவர்கள் வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுத்தாள். ரிஃபாத் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயசு, தோள்கள் அகலம். கட்டில் மேல் குறுக்காக ஒரு மேசை. அதில் கேம் ஓட்டுகிற ஸ்டீரிங் ஒன்று ஏற்கெனவே திருகி வைத்திருந்தது. கூட வேலை பார்த்த கிங்ஸ்லி, லீவில் செங்கோட்டைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது.

காலால் மிதிக்கிற பெடலை என்ன செய்வது என்று வேல்விழி கொஞ்ச நேரம் யோசித்தாள். ஸ்டீரிங்குக்குப் பின்னால் விரல் படுகிற இடத்தில் இலை மாதிரி இரண்டு பட்டன்கள் இருந்தன. வலதை ஆக்ஸிலேட்டராகவும் இடதை பிரேக்காகவும் மாற்றிக் கொடுத்தாள். ரிஃபாத் இரண்டையும் அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"கையிலயே பிரேக்கா! நல்ல யோசனை."

கேம் திறந்தது. பதினெட்டுச் சக்கர வண்டி ஒரு கிடங்கு வாசலிலிருந்து கிளம்பியது. நெடுஞ்சாலையில் பரவாயில்லாமல் போனது. ஊருக்குள் நுழைந்ததும் படம் வெட்டி வெட்டி நகர்ந்தது. மூலையில் நொடிக்கு எத்தனை படம் என்று காட்டுகிற எண் பதினெட்டு, பதினாறு என்று விழுந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"ஓடுது," என்றான் ரிஃபாத். "எனக்கு இது போதும்மா."

அவன் முகத்தைப் பார்த்து வேல்விழி அதை நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஜூலை இரண்டாம் வாரம் காற்று பிடித்தது. குற்றாலத்தில் அருவிக்கரையில் கயிறு கட்டி, குளிக்கத் தடை. கடைக்கு எதிரே சிக்கிய டூரிஸ்ட் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அந்த வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் சனோபர் நனைந்த குடையோடு உள்ளே வந்தாள். பையிலிருந்து ஆறு வாட் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"ஆறு வாட்டுன்னுதான சொன்ன?"

"என்னக்கா ஆச்சு?"

"நேத்து காலைல எட்டு மணிக்கு கரண்டு போச்சு. நான் வேலைக்குப் போயிட்டேன். எப்பவும் ஆறு மணி நேரம் தாங்குத பேட்டரி. பன்னெண்டரைக்கே செத்துப்போச்சு. நான் ரெண்டே முக்காலுக்கு வந்து பாக்கேன், மெத்தை சப்பையாக் கிடக்கு. அவுக அப்படியே பலகையில சாஞ்ச மாதிரி கிடக்காவ. முதுகுக்குக் கீழ கையளவுக்கு செவந்திருக்கு."

வேல்விழி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"தோல் இன்னும் உடையலைன்னு நர்ஸம்மா சொன்னாவ. பத்து நாள் மல்லாக்கப் படுக்கக் கூடாது, உக்காரக் கூடாது. உடைஞ்சிருந்தா மறுபடி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. உனக்குத் தெரியுமா அந்த ரெண்டு மாசம் எப்படி இருந்துச்சுன்னு?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இந்தப் பெட்டி எங்களுக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

அவள் படியிறங்கிப் போனாள். மசூது கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"நீ ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுத? டப்பால என்ன போட்டிருக்கோ அதத்தான சொன்ன? பேட்டரி பழசுன்னு அந்தப் பிள்ளையே சொன்னாள்லா."

வேல்விழி அலமாரியைத் திறந்தாள். ப்ளக்கில் சொருகுகிற வாட் மீட்டர் ஒன்று கடையில் உண்டு. பெரும்பாலும் யுபிஎஸ் சோதிக்க எடுப்பார்கள். அதைச் சுவரில் மாட்டி, பெட்டியை அதில் மாட்டினாள். சும்மா இருக்கும்போது எட்டு வாட். கேமை ஓட்டியதும் இருபத்தாறு. மானிட்டரையும் சேர்த்தால் நாற்பத்து மூன்று.

ஆறு என்பது சிப்புக்கு மட்டும், அதுவும் நிதானமான வேலைக்கு நிறுவனம் வைத்த கணக்கு. கேம் மாதிரி முழுமூச்சில் ஓடும்போது சிப்பு அதைத் தாண்டிப் போகும். கூடவே மெமரி, டிஸ்க், விசிறி, அடாப்டரில் சூடாகி வீணாவது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. டிப்ளமோவில் படித்ததுதான். அன்றைக்கு சனோபர் "சின்ன பல்பு அளவா" என்று கேட்டபோது அது நினைவுக்கு வராமல் போயிற்று, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் ஒரு மனுஷனின் முதுகில் சிவந்து கிடந்தது.

"மசூதண்ணே, அந்தப் பதினஞ்சு வாட் பெட்டியையும் ரெண்டு நாளைக்கு எடுத்துக்கிடுதேன். ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போகணும்."

"திட்டுனா வாங்கிக்கிட்டு வா. எதுத்துப் பேசாத," என்றார் மசூது.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்த சனோபர் ஒதுங்கி வழி விட்டாள். ரிஃபாத் இடது பக்கமாக ஒருச்சாய்ந்து படுத்திருந்தான். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்திருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றாள் வேல்விழி. "நான் அளந்து பாக்காம சொல்லிட்டேன்."

"நீ ஏம்மா மன்னிப்பு கேக்கே?" ரிஃபாத் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். "கரண்டு போனதும் நான் அதை நிறுத்தியிருக்கணும்லா. நிறுத்தலை. நாலு மணி நேரம் ஓட்டுனேன். ஊருக்குள்ள வந்தா வண்டி இழுத்துக்கிட்டே கிடக்கும். அரை மணி நேர ரோடு ஒரு மணி நேரம் ஆகும். இந்த லோடை இறக்கிட்டு நிறுத்துவோம், இறக்கிட்டு நிறுத்துவோம்னு இருந்துட்டேன்."

சனோபர் கதவு நிலையில் கை வைத்து நின்றாள். "பேட்டரி போனப்புறம் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா மச்சான்?"

"போட்டா நீ ஓடி வருவே. இந்த மாசத்துல ஏற்கெனவே மூணு நாள் பாதியில வந்துட்டே. இப்ப வந்துரும் கரண்டுன்னு நெனச்சேன்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "மெத்தை இறங்குனது எனக்குத் தெரியலை. தெரியாதுல்லா."

மெத்தையின் பம்பு மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. சனோபர் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

வேல்விழி இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்தாள். "வாங்கணும்னு இல்லைக்கா. ரெண்டையும் அளந்து உங்க கண்ணு முன்னாலயே காட்டிட்டுப் போயிடுதேன். வேண்டாம்னா ரெண்டையும் கொண்டுபோயிருவேன். குடுத்த காசைத் திருப்பித் தாறோம்."

"காட்டு," என்றாள் சனோபர்.

ஆனால் ஓட்ட வேண்டியவன் எழுந்து உட்காரக் கூடாது. மேசையைக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்த்தி, மானிட்டர் அவன் கண்ணுக்கு நேராக வரும்படி திருப்பினார்கள். வேல்விழி ஸ்டீரிங்கைப் பிடித்தாள். முதலில் ஆறு வாட் பெட்டி. மூன்றாவது நிமிஷமே வண்டி ஒரு சிக்னல் கம்பத்தில் ஏறியது.

"பாத்தீங்களா, பிரேக் பிடிக்கலை," என்றாள் வேல்விழி.

"பிரேக் பிடிச்சுது. நீதான் லேட்டாப் பிடிச்சே," என்றான் ரிஃபாத். அன்றைக்கு முதல் தடவையாக அவன் குரலில் தெம்பு வந்திருந்தது. "பின்னால நாப்பது டன்னு இருக்குல்லா. ஸ்கூட்டி மாதிரி நெனச்சுக்கிட்டே. ஏட்டி சனோபர், நீ உக்காரு."

"நானா?"

"நீதான் வண்டி ஓட்டுதவ. இது பஸ்ஸுல வருத பிள்ளை."

சனோபர் தயங்கித்தான் உட்கார்ந்தாள். தினமும் ஸ்கூட்டியில் டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவே வேலைக்குப் போய் வருகிறவள். வண்டியை நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திருப்பினாள். படம் வெட்ட ஆரம்பித்தது. எண் பதினாறில் நின்றது. ரிஃபாத் மானிட்டரை உற்றுப் பார்த்தான்.

"இப்பப் பிடி பிரேக்கை. பிடிச்சியா?"

"எப்பவோ பிடிச்சிட்டேன்."

"வண்டி இப்பத்தான் வேகம் கொறையுது. பாத்தியா? நீ அழுத்துததுக்கும் அது கேக்கதுக்கும் நடுவுல ஒரு கார் உள்ள பூந்துருது. இதுலதான் ஒன்றரை மாசம் ஓட்டுனேன்."

"நல்லா ஓடுதுன்னு சொன்னீங்க?"

"நீ கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்தது. எப்படிச் சொல்ல?"

சனோபர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வண்டி நடைபாதையில் ஏறியது.

வேல்விழி மீட்டரைப் படித்து ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். பிறகு பெட்டியை மாற்றினாள். பதினைந்து வாட் சிப்பு, இரண்டு மெமரி பட்டைகள். அதே ரோடு, அதே ஊர். படம் வழுக்கிக்கொண்டு போனது. எண் நாற்பத்தைந்து. சனோபர் திருப்பத்தில் வண்டியை அழகாக ஒடித்தாள்.

"இப்ப அழுத்துன உடனே நிக்குது மச்சான்!"

"அப்படித்தான் நிக்கணும். கண்ணாடியப் பாரு, பின்சக்கரம் ஓரத்துல ஏறும். இன்னும் வெளிய எடு. இன்னும்."

வேல்விழி மீட்டரைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. மானிட்டர் தனி. அந்த எண்ணைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

சனோபர் ஸ்டீரிங்கை விட்டுவிட்டாள். "அப்போ இது அதைவிட மோசம்லா. பேட்டரி இன்னும் சீக்கிரம் போகும்."

"ஒரு நிமிஷம் குடுங்கக்கா."

வேல்விழி பெட்டியை அணைத்து, மறுபடி ஆன் பண்ணி, விண்டோஸ் வருவதற்கு முன்பான நீலத் திரைக்குள் போனாள். சிப்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று வரம்பு வைக்கிற இடம் அதில் உண்டு. பத்து என்று வைத்தாள். பிறகு கேமின் செட்டிங்கில் நொடிக்கு முப்பது படம் போதும் என்று கட்டினாள். முப்பதுக்கு மேல் வரைகிறதெல்லாம் இந்தப் பழைய மானிட்டரில் இந்த வண்டிக்கு அதிகப்படிதான். ஆனால் முப்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. சனோபரிடம் மறுபடி ஓட்டச் சொன்னாள். அதே ஊர், அதே சிக்னல், மழை பெய்கிற ரோடு. எண் முப்பதில் அசையாமல் நின்றது. மீட்டர் இருபத்து நான்கு காட்டியது.

வேல்விழி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். இருபத்து நான்குதான்.

"அது முழு மூச்சா ஓடி இருபத்தாறு குடிச்சும் பதினாறுதான் தந்துச்சு. இது அமைதியா நடந்து இருபத்து நாலுல முப்பது தருது," என்றாள். "அண்ணே, பிரேக் எப்படி?"

"அந்த நாப்பத்தஞ்சுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியுது. ஆனா ஓட்டலாம். நல்லாவே ஓட்டலாம்." ரிஃபாத் மனைவியைப் பார்த்தான். "நீ சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம். மனசாரத்தான் சொல்லுதேன்."

சனோபர் துண்டுத் தாளை வாங்கி இரண்டு வரிசை எண்களையும் படித்தாள். மருந்துச் சீட்டில் வேளைக்கு எத்தனை மாத்திரை என்று பார்க்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தாள்.

"இருபத்து நாலா இருக்கட்டும், ஆறா இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "மெத்தையும் இதுவும் ஒரே பேட்டரியில இருக்கவரைக்கும் எனக்கு வேலையில நிலைகொள்ளாது. கரண்டு போனா முதல்ல கம்ப்யூட்டர்தான் சாகணும். மெத்தை கடைசி வரைக்கும் ஓடணும். அதுக்கு வழி இருக்கா?"

வேல்விழி அவளை வியப்போடு பார்த்தாள். மூன்று நாளாகச் சிப்பையும் மீட்டரையும் கட்டிக்கொண்டு அழுதவளுக்கு இது தோன்றவில்லை.

"இருக்குக்கா. கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் இன்வெர்ட்டர் லைனிலேர்ந்து எடுத்துருவோம். அந்த ப்ளக்குப் பாயிண்டை நேர் லைனுக்கு மாத்தி, சின்ன யுபிஎஸ் ஒன்னு வச்சிருவோம். கரண்டு போனா அதுல முக்கா மணி நேரம் ஓடும். அதுக்கப்புறம் அது தானா அணைஞ்சிரும். இன்வெர்ட்டரை அது தொடவே தொடாது."

"முக்கா மணி நேரம் போதும்," என்றான் ரிஃபாத். "ஒரு லோடை இறக்கிரலாம்."

"அரை மணிக்கு ஒருக்க அலாரம் வைப்பேன். அடிச்சதும் கையை ஊனி இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, மாத்தி உக்காரணும்," என்றாள் சனோபர். "ஊருக்குள்ள இருக்கேன், பாலத்துல இருக்கேன்னு சொல்லக் கூடாது."

"ஓரங்கட்டிருதேன்."

மறுநாள் எலக்ட்ரீஷியன் அய்யாக்குட்டி வந்து லைனைப் பிரித்துக் கொடுத்தார். யுபிஎஸ் கடையிலிருந்தது. சர்வீசுக்கு வந்து யாரும் திரும்ப வாங்காமல் கிடந்த ஒன்றில் புது பேட்டரி போட்டு மசூதே காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தார். இரவல் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பத்திரமா வச்சுக்கிடச் சொல்லு," என்றார்.

பன்னிரண்டாம் நாள் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு உட்காரலாம் என்றாள். சிவப்பு வடிந்துவிட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் சனோபர் கடைக்கு போன் செய்தாள். வேல்விழி போனை வைத்துவிட்டு பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரிண்டர் பார்க்கப் போனவள், அவர்கள் வீட்டில் எட்டிப் பார்த்தாள். சனோபர் தொழுகைத் துணியோடு கதவைத் திறந்தாள். உள்ளே ரிஃபாத் காதில் ஹெட்போனோடு ஓட்டிக்கொண்டிருந்தான். திரையில் அவனுக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. முன்னால் போவது கிங்ஸ்லி. பின்னால் வருவது புனலூர்க்காரர் ஒருவர், அவரும் தம்மாம்தான். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. இங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து, அவர்கள் அங்கே சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள்.

"லே கிங்ஸ்லி, அந்த வளைவுல எதுக்குலே அம்பதுல போறே? லைசன்ஸை யாரு குடுத்தா உனக்கு?" என்று ரிஃபாத் கத்தினான். அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது.

வேல்விழி குனிந்து மீட்டரைப் பார்த்தாள். சனோபர் அதைக் கடையிலிருந்து விலைக்கு வாங்கி வந்து அங்கேயே மாட்டி வைத்திருந்தாள்.

"அதை ஏன் பாக்கே? இருபத்து நாலுதான். நான் அப்பவே பாத்துட்டேன்," என்றாள் சனோபர். "பிரிட்ஜுலயும் மாட்டிப் பாத்தேன். அது குடிக்குத குடி உனக்குத் தெரியுமா? உக்காரு, தேத்தண்ணி போடுதேன்."

வேல்விழி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே சாரல் ஓட்டின் மேல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மலைப்பாதை மாதிரி ஒரு ரோட்டில் மூன்று வண்டிகளும் ஏறிக்கொண்டிருந்தன. ரிஃபாத் கியரைக் குறைத்தான். முன்னால் கிங்ஸ்லியின் வண்டி திணறியது. ரிஃபாத் விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டி, அவன் பின்னாலேயே, அவசரமில்லாமல், இடைவெளி விட்டு ஓட்டினான்.